கூலி நோட்டில் விபத்துக்கும் ஒரு பக்கம்

உரம் வாங்கிய தேதி, ஆள் கூலி, டீசல் செலவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறோம். வேலைக்கு வந்தவருக்கு அரிவாள் வெட்டியதையும், மருந்து அடித்தவர் வாந்தி எடுத்ததையும் எழுதுவதில்லை. தொழிற்சாலைகளில் விபத்துப் பதிவேடு கட்டாயம். வயலில் அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. ஆனாலும் அது இருந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

கத்தரி, பருத்திக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடலில் ஏறினால் வியர்வையும் எச்சிலும் பெருகும்; கண்பாவை சுருங்கும்; மூச்சுத் திணறும். இதற்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. சிகிச்சை முறையும் வேறு. ‘ஏதோ பூச்சி மருந்து’ என்று சொன்னால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்?

எழுத வேண்டியவை:

* வேலையாள் பெயர், வயது, தேதி, நேரம்
* செய்த வேலை, பயன்படுத்திய கருவி
* மருந்தின் பெயர், லேபிள் முக்கோணத்தின் நிறம், டேங்குக்குக் கலந்த அளவு, தெளிப்பு தொடங்கிய, முடித்த நேரம்
* முதல் அறிகுறி தெரிந்த நேரம்; பாம்புக்கடி என்றால் கடித்த நேரம்
* கொடுத்த முதலுதவி, சேர்த்த மருத்துவமனை
* வேலைக்கு வர முடியாத நாட்கள்

மருத்துவமனைக்குப் போகும்போது மருந்து டப்பாவின் லேபிளையும் கொண்டு செல்லுங்கள்.

பழி வருமோ என்று பயந்து, ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லச் சொல்பவர்களும் உண்டு. அது வேலையாளுக்குச் செய்யும் துரோகம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கும் விபத்து நிவாரணம் உண்டு. நடந்தது ஒன்று, பதிவு வேறொன்று என்றால் மனு சிக்கலாகும். எனவே வேலையில் நடந்ததை அப்படியே சொல்லி, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வாய்த்தகராறு வந்தால், அன்றே எழுதிய குறிப்பு நில உரிமையாளருக்கும் துணை நிற்கும்.

அறுவடை முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். மயக்கம் எல்லாம் உச்சிவெயிலில் வந்திருந்தால் தெளிப்பைக் காலையிலேயே முடியுங்கள். ஒரே தெளிப்பானைத் தூக்கியவர்களுக்கு முதுகில் எரிச்சல் என்றால் அதன் கசிவைச் சரிசெய்யுங்கள். கதிரடிக்கும் இயந்திரத்தில் இருமுறை கை சிக்கியிருந்தால், பாதுகாப்பு மூடி இல்லாமல் அதை ஓட்டாதீர்கள்.

மருந்து விஷச் சம்பவங்களைத் தெரிவிக்கும்படி உத்தரவிட 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 26ஆம் பிரிவில், மாநில அரசுக்கு அதிகாரம் தந்துள்ளது. விரிவாக்கப் பணியாளர்கள் வயலுக்குப் போகும்போது பயிரோடு இந்த நோட்டையும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த தெளிப்புக்கு முன் முதல் பக்கத்தில் கட்டம் போட்டுவிடுங்கள்.