அயல்நாட்டுக் குட்டியும் பிறவி இதயக் கோளாறும்: வாங்குவோர் அறிய வேண்டியவை

ஃபெரட், மார்மோசெட் குரங்கு, ஆப்பிரிக்க முள்ளெலி போன்ற அயல்நாட்டுப் பாலூட்டிகளும் இப்போது வீட்டில் வளர்க்கப்படுகின்றன. கடையில் துறுதுறுவென்று இருந்த குட்டி சில மாதங்களில் தீனி எடுக்காமல் மூச்சு வாங்கினால், "உங்க வளர்ப்பு சரியில்லை" என்று விற்றவர் கைகழுவிவிடலாம். அதன் இதய வால்வு பிறவியிலேயே பழுதாக இருந்திருக்கவும் கூடும்.

ஆபத்து என்ன?

இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஒருவழிக் கதவுதான் வால்வு. கருவிலேயே அதன் இதழ்கள் சரியாக உருவாகாவிட்டால் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இடப்பக்கம் கசிந்தால் நுரையீரலிலும், வலப்பக்கம் கசிந்தால் வயிற்றிலும் நீர் கோக்கலாம். நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும்போது மரபுக் குறைகள் தலைகாட்டும் வாய்ப்பு கூடுகிறது.

சிறு விலங்குகள் நோயைக் காட்டிக்கொள்ளாது. குட்டி தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ ஈறு நீலம் பாரித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். ஃபெரட்டின் இதயம் நிமிடத்துக்கு 200 முறை வரை, சிலவேளை அதற்கு மேலும் துடிக்கும். அந்த வேகத்தில் கசிவின் ஓசை காதுக்குத் தப்பிவிடலாம்; அதனால் ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பாமல், ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ ஸ்கேன் கேளுங்கள். மருந்து நீரை வடிக்கும், வால்வைத் திருத்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் செல்லப்பிராணிக் கடைகள் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். மார்மோசெட் போல சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள விலங்கை வைத்திருப்பவர், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிய வேண்டும். குறையுள்ள பொருளை (விற்கப்படும் விலங்கும் இதில் அடங்கும்) விற்றவர் மீது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே தொடரலாம்.

செய்ய வேண்டியவை

1. பில், கடையின் பதிவு எண், தாய் தந்தை விவரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள்.
2. வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அறிக்கையே பின்னாளில் உங்கள் சாட்சி.
3. குட்டி இறந்துவிட்டால் உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதையும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, விரைவில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.
4. ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆவணமில்லாத விலங்கை வாங்கியவர் புகார் கொடுக்கப் போனால் முதலில் தாமே மாட்டிக்கொள்ளக்கூடும். தாள் தர மறுக்கும் கடையில் குட்டியை வாங்காதீர்கள்.