வேர் அறியும் திசை

பனங்கொட்டையைப் பாத்தியில் எவ்வாறு அடுக்கினும் அதன் முளை கீழ்நோக்கியே இறங்கும் என்பதைச் சுன்னாகத்துச் செம்மண்ணில் பாத்தியிடுவோர் நன்கறிவர். மாரி குறுகியது, கோடையோ நெடியது. மாரி நீங்குமுன் ஆழம் புகாத நாற்று கருகிவிடும். ஆதலின், கீழ்த்திசை அறிதல் பயிருக்கு உயிர்நிலையாம். பனையில் முதற்கண் இறங்குவது வித்திலையின் காம்பே. வேர் அதன் நுனியிலிருந்து பின்னர்த் தோன்றும். அவ்வேர் கீழ்த்திசையை எங்ஙனம் அறிகின்றது?

1806ஆம் ஆண்டில் நைற் என்னும் ஆங்கிலேயர், விரைந்து சுழலும் சக்கரமொன்றில் அவரையின விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேர்கள் புறநோக்கியும் தண்டுகள் மையம் நோக்கியும் வளர்ந்தன. வேர் விசையின் வழியே செல்வது என்பது இதனாற் புலனாயிற்று.

சாள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும் வேர்நுனியை நீக்கிப் பார்த்தனர். நுனியிழந்த வேர் நீண்டதேயன்றி வளையவில்லை. இம்முடிவு 1880இல் வெளியாயிற்று. உணரும் இடம் நுனி. வளையும் இடம் அதற்குச் சற்று மேலுள்ள நீளும் பகுதி.

வேர்மூடியின் நடுக்கலங்களிற் கனமான மாமணிகள் உள. வேர் கிடையாயின் அவை கலத்தின் புதிய அடிப்புறத்திற் படியும். அதன் விளைவாக ஒட்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் வேரின் கீழ்ப்பக்கத்தில் மிகும். மிகுந்த ஒட்சின் வேரின் நீட்சியைத் தடுக்கும். தடையற்ற மேற்பக்கம் நீள, வேர் கீழே வளையும். தண்டிலோ அதே பொருள் நீட்சியைத் தூண்டுவதால், தண்டு மேல்நோக்கி எழும். ஒரு பொருளே இருவேறு திசைக்கும் ஏதுவாதல் வியத்தற்குரியது.

முளைத்த பயற்றை ஈரப்பஞ்சின்மேற் கிடையாக நிறுத்தி மறுநாள் நோக்கும் மாணாக்கர் இவ்வளைவைக் கண்ணாரக் காண்பர்.