விப்பெட் ஆண் நாய்களை மதிப்பிடல்

விப்பெட் ஆண் நாய்களை மதிப்பிடல் என்பது, இனக் கழகங்கள் நடத்தும் நாய்க் கண்காட்சிகளில் விப்பெட் இனத்தைச் சேர்ந்த ஆண் நாய்களை அவ்வினத்துக்கென வகுக்கப்பட்ட இன வரையறையுடன் ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் முறையாகும். விப்பெட் இங்கிலாந்தில் உருவான நாயினம் ஆதலால், பிரித்தானியாவில் கடைப்பிடிக்கப்படும் முறையே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகின்றது.

இக்கண்காட்சிகளில் ஆண் நாய்களும் பெண் நாய்களும் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றன. வலிமையும் நளினமும் ஓருடலில் சமநிலையில் அமைந்திருப்பதே விப்பெட்டின் அடையாளம். ஆண் நாயில் இச்சமநிலை வலிமையின் பக்கம் எளிதில் சாய்ந்துவிடக் கூடும். எனவே ஆண்மைத் தோற்றம் எங்கே முடிகின்றது, பருமனும் முரட்டுத்தன்மையும் எங்கே தொடங்குகின்றன என்பதைக் கண்டறிவதே ஆண் நாய்களை மதிப்பிடும் நடுவரின் முதன்மைப் பணி எனலாம்.

பின்னணி

விப்பெட், மோப்பத்தைவிடப் பார்வையையும் வேகத்தையும் நம்பி இரையைத் துரத்தும் பார்வை வேட்டை நாய் வகையைச் சேர்ந்தது. தோற்றத்தில் சிறிய கிரேஹவுண்டு நாயை ஒத்தது. மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் முயல் பிடிப்பதற்காகவும் பந்தயத்திற்காகவும் இந்நாய்களை வளர்த்தனர். நேரான ஓடுபாதையின் முடிவில் நின்று உரிமையாளர் துணியொன்றை அசைத்துக் கூப்பிட, நாய் அதனை நோக்கி ஓடிவரும் துணிப் பந்தயம் அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. ஏழைகளின் பந்தயக் குதிரை என்ற பெயர் இவ்வாறே இவ்வினத்துக்கு ஏற்பட்டது.

பிரித்தானியாவின் கென்னல் கிளப் 1873ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இவ்வமைப்பு 1890களின் தொடக்கத்தில் விப்பெட்டைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1899இல் விப்பெட் கிளப் என்னும் இனக் கழகம் தோன்றியது. பின்னர் பிரித்தானியாவின் பல பகுதிகளிலும் வட்டார இனக் கழகங்கள் உருவாயின. பல இனங்கள் கலந்துகொள்ளும் பொதுக் கண்காட்சிகளைப் போலன்றி, இனக் கழகக் கண்காட்சியில் ஒரே இனத்து நாய்கள் மட்டுமே இடம்பெறும். பார்வையாளரிற் பெரும்பாலானோர் அவ்வினத்தை வளர்ப்பவர்களே. நடுவரின் ஒவ்வொரு தெரிவும் அறிந்தவர்களின் கண்முன்னே நிகழ்வதால், இனக் கழகக் கண்காட்சியில் பெறும் வெற்றிக்குத் தனி மதிப்பு உண்டு.

இன வரையறை

நடுவர் நாய்களை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு நாயையும் இன வரையறை காட்டும் முன்மாதிரியுடனேயே முதலில் ஒப்பிடுகின்றார். விப்பெட்டுக்கான பிரித்தானிய வரையறையின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- தலை: நீண்டு மெலிந்தது, மேற்புறம் தட்டையானது, கண்களுக்கிடையே ஓரளவு அகன்று மூக்கை நோக்கிக் குறுகுவது.
- கண்களும் காதுகளும்: கண்கள் முட்டை வடிவில் ஒளியுடன் இருத்தல் வேண்டும். காதுகள் சிறியவை, ரோஜா இதழ்போற் பின்புறம் மடிந்தவை.
- பற்கள்: மேற்பற்கள் கீழ்ப்பற்களை நெருங்கி மூடும் கத்தரிக் கடி அமைப்பு.
- கழுத்து: நீண்டு, தசைப்பற்றுடன் அழகாக வளைந்தது.
- முன்னுடல்: தோள்பட்டை எலும்பு நன்கு பின்சாய்ந்திருக்கும். மேற்கை எலும்பு ஏறத்தாழ அதே நீளமுடையது. பக்கவாட்டில் நோக்கும்போது முழங்கை, தோளின் உச்சிக்கு நேர்கீழே அமையும்.
- மார்பும் முதுகும்: மார்பு மிக ஆழமானது. முதுகு உறுதியானது, சற்று நீண்டது. இடுப்பின் மேல் மெல்லிய வளைவு காணப்படும். ஆனால் கூன் கூடாது. வயிறு தெளிவாக மேலேறியிருக்கும்.
- பின்னுடல்: தொடைகள் அகன்றவை, வலியவை. பின்கால் முழங்கால் நன்கு வளைந்திருக்கும், ஆனால் மிகையாகாது.
- நிறம்: மெர்ல் எனப்படும் திட்டு நிறம் தவிர எந்நிறமும் ஏற்கப்படும்.

மிகைப்படுத்திய தோற்றம் எவ்வகையிலும் தவிர்க்கப்பட வேண்டும் என்பது இவ்வரையறையின் அடிப்படை. குறையொன்றின் கடுமை, அது எந்த அளவுக்கு உள்ளது என்பதையும், நாயின் உடல்நலத்தையும் அதன் மரபுவழித் தொழிலையும் எவ்வளவு பாதிக்கின்றது என்பதையும் பொறுத்தே கணிக்கப்படுகின்றது.

போட்டி வகுப்புகள்

ஆறு மாதம் நிறையாத குட்டிகள் போட்டியிட முடியாது. வழக்கமாக ஆண் நாய்கள் முதலில் மதிப்பிடப்படும். வயதையும் முன்பு பெற்ற வெற்றிகளையும் பொறுத்து நாய்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன.

- இளங்குட்டி வகுப்பு: 6 முதல் 9 மாதம் வரை
- குட்டி வகுப்பு: 6 முதல் 12 மாதம் வரை
- இளையோர் வகுப்பு: 6 முதல் 18 மாதம் வரை
- ஓராண்டு நிறைந்தோர் வகுப்பு: 12 முதல் 24 மாதம் வரை
- வெற்றிகளின் எண்ணிக்கையைப் பொறுத்த இடைநிலை வகுப்புகள்
- திறந்த வகுப்பு: சாம்பியன்கள் உட்பட அனைத்தும்
- மூத்தோர் வகுப்பு: 7 வயதும் அதற்கு மேலும்

பெரிய இனக் கழகக் கண்காட்சிகளில் ஆண் நாய்களுக்கு ஒருவரும் பெண் நாய்களுக்கு வேறொருவருமாக இரு நடுவர்கள் பணியாற்றுவது உண்டு. இறுதியில் சிறந்த ஆணும் சிறந்த பெண்ணும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும். அப்போது இரு நடுவர்களும் உடன்படாவிடில் மூன்றாமவர் ஒருவர் முடிவு செய்வார்.

மதிப்பிடும் முறை

முதற் பார்வை

வகுப்பிலுள்ள நாய்கள் அனைத்தும் வரிசையில் நிறுத்தப்படுகின்றன. நடுவர் சற்று விலகி நின்று ஒவ்வொன்றின் புறவடிவத்தையும் நோக்குகின்றார். கழுத்திலிருந்து வால் வரை ஓடும் கோடு தடையின்றி அமைந்துள்ளதா, முன்னுடலும் பின்னுடலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பவை இங்கே கவனிக்கப்படும்.

மேசைத் தேர்வு

அடுத்து ஒவ்வொரு நாயும் மேசைமீது நிறுத்தப்பட்டுக் கைகளால் ஆராயப்படுகின்றது. விப்பெட்டின் மயிர் குட்டையானதாகையால் குறைகளை மயிரால் மறைக்க இயலாது. ஆயினும் நிறுத்தும் விதத்தால் மறைக்க இயலும். பின்கால்களை அளவுக்கு மீறிப் பின்னிழுத்து நிறுத்தினால் சாதாரணமான பின்னுடலும் கவர்ச்சியாகத் தோன்றும். முன்கால்களைக் கையால் நேராக்கி வைத்தால் தோளின் குறை தெரியாது. ஆகவே தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி, மேற்கை எலும்பின் நீளம், மார்பின் ஆழம், விலா எலும்புகளின் வளைவு, இடுப்பின் உறுதி ஆகியவற்றை நடுவர் தொட்டே அறிகின்றார். தசைகள் நீண்டு தட்டையாக இருக்க வேண்டும். தோளின்மேல் உருண்டு திரண்ட தசை, முன்கால் நீளும் தூரத்தைக் குறைத்துவிடும்.

நடை

பின்னர் நாய் முக்கோணப் பாதையிலும், நடுவரை நோக்கியும் அவரை விட்டு விலகியும் நடத்திக் காட்டப்படுகின்றது. பக்கவாட்டில் நோக்கும்போது முன்கால்கள் தரையை ஒட்டித் தாழ்வாக முன்னோக்கி நீள வேண்டும். பின்கால்கள் உடலுக்கு அடியில் நன்கு வந்து உந்த வேண்டும். முன்கால்களை உயரத் தூக்கி நடப்பது பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும் விப்பெட்டில் அது குறையே ஆகும். முன்னேறுவதற்குரிய ஆற்றல் மேலெழுவதில் வீணாகின்றது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. விப்பெட்டின் உண்மையான தொழில் பாய்ந்தோடுதல் ஆகும். அப்பாய்ச்சலில் உடல் ஒருமுறை விரிந்த நிலையிலும் மறுமுறை சுருங்கிய நிலையிலும் நான்கு கால்களும் தரையைத் தொடாமல் இருக்கும். கண்காட்சிக் களத்திலோ மிதமான நடையோட்டம் மட்டுமே காட்டப்படுகின்றது. ஆகவே காணாத பாய்ச்சலை, கண்ட நடையிலிருந்தும் கையால் அறிந்த எலும்பமைப்பிலிருந்தும் நடுவர் உய்த்துணர வேண்டியுள்ளது.

ஆண் நாய்களுக்கே உரிய கூறுகள்

ஆண்மைத் தோற்றம்

நல்ல ஆண் விப்பெட்டைத் தொலைவிலிருந்தே ஆண் என அடையாளம் காண இயல வேண்டும். தலை பெண் நாயினுடையதைவிடச் சற்று வலியதாகவும், கழுத்து உறுதி மிக்கதாகவும், எலும்பு சற்றுத் திண்மையாகவும் இருக்கும். இவை மிகும்போது கன்னம் தடித்து, தோள் பருத்து, நளினம் மறைந்துவிடும். மறுபுறம், மிக மெலிந்த எலும்பும் குறுகிய மார்பும் கொண்ட ஆண் நாய் அழகாகத் தோன்றினாலும் வலிமையற்றது எனக் கருதப்படும்.

விரைகள்

ஆண் நாயின் இரு விரைகளும் இயல்பான தோற்றத்துடன் விரைப்பையினுள் முழுமையாக இறங்கியிருத்தல் வேண்டும் என வரையறை கூறுகின்றது. மேசைத் தேர்வின்போது இது சரிபார்க்கப்படுகின்றது. விரை இறங்காமை மரபுவழி வரக்கூடிய குறை என்பதே இதற்குக் காரணம்.

வளர்ச்சி

ஆண் நாய்கள் பெரும்பாலும் பெண் நாய்களைவிடத் தாமதமாகவே முழு உருப்பெறுகின்றன. எட்டு மாத ஆண் குட்டி, கால்கள் நீண்டும் மார்பு ஆழம் பெறாமலும் ஒழுங்கற்றுத் தோன்றலாம். மார்பு காலப்போக்கில் நிறையும். ஆனால் தோள் எலும்பின் சாய்வு வயதால் திருந்துவது அரிது. எது வளரும், எது மாறாது என்பதைப் பிரித்தறிவது குட்டி வகுப்புகளில் இன்றியமையாதது. முழு வளர்ச்சி பெற்றுவிட்ட குட்டி அன்று வெல்லலாம்; ஆனால் அது பின்னர் பருத்துவிடவும் கூடும்.

வால்

நடக்கும்போது வால் மெல்லிய வளைவுடன் முதுகின் மட்டத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பிற நாய்களின் அருகாமையில் கிளர்ச்சியுறும் ஆண் நாய்கள் வாலை உயர்த்துவதுண்டு. இது அக்கணத்து மனநிலையா, அல்லது இடுப்பெலும்பு அமைப்பின் விளைவா என்பதை நடுவர் மறுமுறை நடக்கச் செய்து அறியலாம்.

உயரம் குறித்த சிக்கல்

பிரித்தானிய வரையறைப்படி ஆண் விப்பெட்டின் உயரம் 47 முதல் 51 சென்ரிமீட்டர், பெண்ணின் உயரம் 44 முதல் 47 சென்ரிமீட்டர் ஆகும். அமெரிக்க வரையறை ஆண் நாய்க்கு 19 முதல் 22 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 48 முதல் 56 சென்ரிமீட்டர் வரை இடமளிக்கின்றது. அவ்வெல்லைகளை அரை அங்குலத்துக்கு மேல் மீறும் நாய் அங்கு தகுதியிழக்கும். பிரித்தானியாவில் உயரத்துக்காகத் தகுதி நீக்கம் இல்லை. அதனைப் பிற குறைகளோடு சேர்த்து எடைபோடுவது நடுவரின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக, இறுதியில் இரு ஆண் நாய்கள் எஞ்சியுள்ளன எனக் கொள்வோம். ஒன்று 50 சென்ரிமீட்டர் உயரம், பகட்டில்லாத புறவடிவம், தோள் சரியாகச் சாய்ந்து முன்கால் நன்கு நீளுகின்றது. மற்றொன்று 54 சென்ரிமீட்டர். நீண்ட கழுத்தும் மிகை வளைவு கொண்ட பின்னுடலுமாகக் கண்ணை உடனே ஈர்க்கின்றது. ஆனால் முன்கால் குறுகிய அடியே வைக்கின்றது. களத்தில் பெரிய நாய் நிமிர்ந்து தெரியும். பார்வையாளர் கரவொலியும் அதற்கே கிடைக்கலாம். வரையறையைப் பின்பற்றும் நடுவர் முதலாவதையே தெரிவு செய்வார். ஆனால் பெரிய நாயின் நடையும் அமைப்பும் உண்மையில் சிறந்து, சிறிய நாயின் தோள் பருத்திருந்தால் முடிவு மாறலாம். உயரம் மட்டும் சரியாக இருப்பது வெற்றிக்குப் போதுமானதன்று.

எனினும் ஒவ்வொரு நடுவரும் சற்றே பெரிய ஆண் நாயைத் தொடர்ந்து தெரிவு செய்து வந்தால், சில தலைமுறைகளில் விப்பெட் சிறு கிரேஹவுண்டாக மாறிவிடும் என்ற அச்சம் வளர்ப்பாளரிடையே உண்டு. விரைந்து திரும்பும் சிறு வேட்டை நாய் என்பதே இவ்வினத்தின் பயனாக இருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தசையும் மரபணுவும்

தசை மிகுந்தால் வேகமும் மிகும் என்ற எண்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, பந்தய விப்பெட்டுகள் சிலவற்றில் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தது. இம்மாற்றத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற நாய்கள் தசை மிக்கவையாகவும், வேகமாக ஓடுபவையாகவும் இருந்தன. இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவை 'புல்லி விப்பெட்' எனப்படும் மிகைத்தசை கொண்ட நாய்களாயின. வரையறை தசையையும் நளினத்தையும் சேர்த்தே வேண்டுவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

முடிவும் அதன் விளைவும்

சாம்பியன்ஷிப் கண்காட்சியில், வகுப்புகளில் வென்ற ஆண் நாய்களிலிருந்து தெரிவு செய்யப்படும் நாய்க்கு சேலஞ்ச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. சாம்பியன் பட்டத்துக்குத் தகுதியான சிறப்பு அந்நாய்க்கு உண்டு என நடுவர் உறுதியாக நம்பினால் மட்டுமே அதனை வழங்க வேண்டும். தகுதியான நாய் இல்லையெனில் வழங்காமல் விடும் உரிமையும் அவருக்கு உண்டு. வெவ்வேறு நடுவர்கள் மூவரிடமிருந்து மூன்று சான்றிதழ்கள் பெற்று, அவற்றுள் ஒன்றேனும் 12 மாத வயதுக்குப் பின் பெறப்பட்டிருந்தால் அந்நாய் சாம்பியன் ஆகின்றது.

நடுவர் பின்னர் தாம் தெரிவு செய்த நாய்களைப் பற்றி மதிப்புரை எழுதுவார். 'அளவில் இதற்கு மேல் வேண்டாம்' போன்ற சொற்றொடர்கள் ஆண் நாய்கள் பற்றிய மதிப்புரைகளில் அடிக்கடி காணப்படும். பாராட்டும் எச்சரிக்கையும் ஒருங்கே அடங்கிய குறிப்பு இது.

ஆண் நாய்களின் தெரிவு இனத்தின் வருங்காலத்தை மிகுதியாகப் பாதிக்கின்றது. பெண் நாயின் ஈற்றுகளுக்கு இயற்கையே எல்லை வகுத்துள்ளது. மேலும் 2012 முதல் ஒரு பெண் நாயின் நான்கு ஈற்றுகளுக்கு மேல் கென்னல் கிளப் பொதுவாகப் பதிவு செய்வதில்லை. ஆண் நாய்க்கு இத்தகைய வரம்பு இல்லை. சான்றிதழ் பெற்ற ஆண் நாயை நாடிப் பல வளர்ப்பாளர்கள் வருவதால், அதன் நிறைகளைப் போலவே குறைகளும் இனம் முழுவதும் பரவலாம். சிலவே தந்தையராகும்போது இனத்தின் மரபியல் பன்மையும் குறைகின்றது. களத்தில் சில நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவு பல ஆண்டுகளுக்குப் பின் பிறக்கும் குட்டிகளின் தோளிலும் நடையிலும் வெளிப்படக் கூடும்.

புகழ்பெற்ற ஆண் விப்பெட்டுகள்

- கோர்ட்னி ஃபிளீட்ஃபூட் ஆஃப் பென்னிவொர்த்: 1964இல் நியூ யார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் அனைத்தினங்களிலும் சிறந்த நாயாகத் தெரிவானது.
- பென்குலோ டச் கோல்ட்: 1992இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அனைத்தினங்களிலும் சிறந்த நாயாகத் தெரிவானது. அங்கு இவ்விருதை வென்ற முதல் விப்பெட் இதுவாகும். 2004இலும் 2018இலும் அதே விருதை வென்ற விப்பெட்டுகள் பெண் நாய்களாகும்.