துணிக்குச் சாயம் போட்டு கிராமம் வாங்கிய ஓவியர்கள்! ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கர் செய்து காட்டிய அதிசயம்

"பையன் என்ன படிக்கிறான்?"

"படம் வரையப் படிக்கிறான்."

"அது சரி, சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

1960-ம் ஆண்டு வாக்கில் சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு ஓவியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சு அடிபட்டது. கேட்டவர்கள் மீது குற்றம் இல்லை. அன்றைய நிலைமை அப்படி.

படித்து முடித்தவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் டிராயிங் மாஸ்டர் வேலை. இல்லாவிட்டால் துணிக்கு டிசைன் போடும் வேலை, சினிமா பேனர் வேலை. இரண்டும் கிடைக்காதவன் தூரிகையைத் தூக்கி எறிந்துவிட்டு ஏதாவது ஆபீசில் குமாஸ்தா ஆகிவிடுவான். சொந்தமாகப் படம் வரைந்து விற்றுப் பிழைப்பதா? வாங்க ஆள் வேண்டுமே!

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் அந்தப் பள்ளியின் முதல்வர். பெயர் கே.சி.எஸ். பணிக்கர்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு

பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தவர். பூர்வீகம் மலபார். சிறு வயதிலேயே படம் வரைவதில் பைத்தியம். ஆனால் குடும்பப் பாரம் தோளில் விழுந்தது. தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தார். பசி என்றால் என்ன, மாதச் சம்பளம் என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியது இல்லை.

ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேரும்போது வயது 25. மற்றவர்கள் கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்துகிற வயது! அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கிறதே உழைப்பாளர் சிலை, அதை வடித்தவர்தான். அவரிடம் படித்து, அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-ல் அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார் பணிக்கர்.

நடுவில் 1944-ல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

மெழுகும் சாயமும்

முதல்வர் நாற்காலியில் இருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வருஷா வருஷம் கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். போனவர்கள் காணாமல் போகிறார்கள்.

பணிக்கர் ஒரு யோசனை சொன்னார். படத்தை விற்கப் பார்க்காதே. கைத்தொழில் ஒன்றைச் செய். அதை விற்று வயிற்றைக் கழுவு. மீதி நேரத்தில் மனசுக்குப் பிடித்த படத்தை வரை. எவனுக்காகவும் அதை மாற்றாதே.

அந்தக் கைத்தொழில்களில் முக்கியமானது 'பாத்திக்'. துணியின் மேல் உருக்கிய மெழுகால் கோலம் போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. மெழுகில் விழுந்த கீறல் வழியாக மட்டும் சாயம் இறங்கி, நரம்பு நரம்பாக ஓடும். கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் துணியில் ஓவியம்! ஓவியம் படித்தவன் கைப்பட்ட பாத்திக் துணி சாதாரணத் துணியாகவா இருக்கும்? வாங்க ஆள் வந்தது. தோல் வேலை, உலோக வேலையும் செய்தார்கள்.

இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கோவில் கட்டிய சிற்பியும் கூலிக்குத்தான் உளி பிடித்தான்.

மணல் காடு

கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்து, விற்று வந்த பணத்தைச் சேர்த்தார்கள். 1966-ல் நகரத்துக்கு வெளியே, மாமல்லபுரம் போகும் பாதையில், ஈஞ்சம்பாக்கத்தில் எட்டு, பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வாங்கியவர்கள் முப்பதுக்கு மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும். பெரும்பாலும் பணிக்கரின் மாணவர்கள்.

கிழக்கு கடற்கரைச் சாலை, பங்களா, ஓட்டல் என்று இன்று பார்க்கிற ஈஞ்சம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அன்று அது கடலோர மணல். குடிசை போட்டுக்கொண்டு குடியேறினார்கள். சோழர் கடற்கரையின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்: சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அடுத்த ஆண்டு, 1967-ல், பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற பணிக்கர் தாமும் அங்கேயே தங்கிவிட்டார். ஊருக்கு யோசனை சொல்லிவிட்டு நகரத்தில் சொகுசாக உட்காரவில்லை.

கணக்கு நோட்டு

அவர் வரைந்த படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையில் வரையத் தொடங்கினார். படம் முழுக்க மலையாள எழுத்து, எண், ஜாதகக் கட்டம் போலக் கோடுகள்! எழுத்துக்கு அர்த்தம் தேடினால் கிடைக்காது. பார்க்கத்தான் வேண்டும். யாரோ ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் இருந்து பிறந்த எண்ணம் என்று சொல்வார்கள். பேரேட்டோடு மாரடிக்கிற குமாஸ்தாக்களுக்கு இந்தப் படங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடலாம்.

ராமானுஜம்

கிராமத்தில் இருந்தவர்களில் கே. ராமானுஜம் தனி ரகம். பேச்சு சரியாக வராது. மனநோய் வேறு. வெளியுலகம் கேலி செய்த ஆள். அவர் வரைந்ததோ மாட மாளிகை, பறக்கும் குதிரை, பாம்பு, அலங்காரத் தேவதைகள். நடுவில் தொப்பி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி அவரே நிற்பார்!

வேறு எங்கே போயிருந்தாலும் அவரை மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். பணிக்கர் அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். சோழமண்டலத்தில் அவருக்கு இடம் இருந்தது, தாள் இருந்தது, மை இருந்தது. சென்னை கன்னிமாரா ஓட்டலுக்கும் படம் வரைந்து கொடுத்தார். ஆனாலும் விதி விடவில்லை. 1973-ல் இளம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். கிராமத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் வரைந்ததைக் காப்பாற்ற முடிந்தது.

நின்றுபோன தொழில்

லலித் கலா அகாடமி 1976-ல் பணிக்கரைத் தன் உயரிய 'பெல்லோ' ஆக்கிக் கௌரவித்தது. 1977 ஜனவரியில் அவர் காலமானார். வயது 65. அவர் ஓவியங்களில் ஒரு பெரும் பகுதி திருவனந்தபுரத்தில், கேரள அரசு அமைத்த காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

தலைவர் போனால் கூட்டம் கலையும் என்பது ஊர் வழக்கம். இங்கே கலையவில்லை. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றவர்கள் ஏற்கெனவே பாரீஸ் போய்விட்டார்கள். வாசுதேவ் பின்னர் பெங்களூர் போனார். சேனாதிபதி, பி.எஸ். நந்தன் போன்றவர்கள் அங்கேயே வேரூன்றினார்கள். பணிக்கரின் மகன் சிற்பி நந்தகோபால், 2017-ல் மறையும் வரை கிராமத்தைத் தாங்கி நின்றார். 2009-ல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

பாத்திக் வேலைதான் மெல்ல மெல்ல நின்றுபோனது. படங்களே விற்க ஆரம்பித்துவிட்டன.