பட்டனை ஒளித்து வைத்த சட்டை

இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் என்னைச் செக்கிங் டேபிளில் நிறுத்தினார்கள். வந்ததெல்லாம் அகலக் கோடு போட்ட கனமான காட்டன் சட்டை, வெள்ளைக் காலர். ரப்பர் பட்டன்கள் பிளாக்கெட்டுக்குள் மறைந்து கிடந்தன. தையல் தப்பு என்று நினைத்து முப்பது பீஸை ரிஜெக்ட்டில் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்: "ஏங்கண்ணு, இது ரக்பி சர்ட்டு. கட்டிப் புரள்றப்ப பட்டன் மூஞ்சியக் கீறக்கூடாதுன்னுதான் உள்ளார வெச்சிருக்குது."

அது என்ன ஆட்டம் என்று தேடிப் படித்தேன். அணிக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்பக்கம் வீசக்கூடாது. ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பது கபடி ஆடும் நமக்குப் புதிதா என்ன?

இந்தியாவுக்கு இது எப்பவோ வந்துவிட்டது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். அடுத்த வருடமே கிளப். பட்டாளம் இடம் மாறியதும் ஆள் குறைந்தது. இந்த வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தேவலாம் என்று மற்றவர்களும் போய்விட்டார்கள். கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து 1878-ல் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளப்பைக் கலைத்தார்கள். அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுகின்றன. நம்ம ஊர் வெள்ளி, அவங்க ஊர் ஆட்டம்!

பக்கத்து இலங்கையில் கதையே வேறு. அங்கேயும் 1879-ல் கொழும்பு வெள்ளைக்காரக் கிளப்பில்தான் ஆரம்பம். ஆனால் 1891-ல் கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி அதைத் தன் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லூரி என்றால் அங்கே பள்ளிக்கூடம்தான். 1906-ல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதியது பள்ளிகளுக்கிடையிலான முதல் ஆட்டம். 1945-ல் பிராட்பி கேடயம் வந்தது: கொழும்பு ராயலும் கண்டி டிரினிட்டியும் இரண்டு ஊரிலும் ஒவ்வொரு ஆட்டம். பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்து மைதானத்தை நிரப்புகிறார்கள். தோட்டத் துரைமார் கப்பலேறியும் ஆட்டம் போகவில்லை, அது பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் இருந்ததால்.

நமக்கோ, தேசிய அணி ஆசியப் போட்டியில் இறங்கவே 1998 ஆகிவிட்டது. அந்த அணியில் ஆடிய ஒருவரை உங்களுக்குத் தெரியும்: 'விஸ்வரூபம்' வில்லன் ராகுல் போஸ்.

இன்னொரு வேடிக்கை. 2003 உலகக் கோப்பையை ஜெயித்த இங்கிலாந்து அணி போட்டிருந்தது உடம்போடு ஒட்டிய செயற்கை நூல் ஜெர்சி. காட்டன் ரக்பி சட்டையை இப்போது பெரும்பாலும் ஆடாதவர்கள்தான் வாங்குகிறார்கள்.

விளையாட்டுச் செயலாளரிடம் ஒரு பந்து கேட்டிருக்கிறேன். முட்டை வடிவம் என்றதும் சிரித்தார். "எழுதிக் கொடுப்பா, பார்க்கலாம்" என்றிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.