பில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டி

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கத் தவறாத நாம், பில் போடும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சிறு பெட்டியை மட்டும் மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறோம். கீழமாசி வீதிக் கடைகளில் மிளகாய்த் தூசி படிந்து பரண்மேல் கிடக்கும் அந்தப் பெட்டிக்கு 'சுவிட்ச்' என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அன்று. கவுண்டர், கணக்கர் மேஜை, கேமரா ஆகியவற்றின் கம்பிகள் வந்து சேருமிடம். இதற்குள்ளும் 'ஃபர்ம்வேர்' எனும் புரோகிராம் உண்டு. குறை தெரியவந்தால் கம்பெனி திருத்திய பதிப்பை வெளியிடும். அதை ஏற்றிக்கொள்வது நம் பொறுப்பு.

2018 மார்ச் 28-ல் சிஸ்கோ நிறுவனம் தன் சுவிட்சுகளில் இருந்த ஒரு குறையை அறிவித்துத் திருத்தமும் தந்தது. ஏப்ரல் 6-ல் விஷமிகள் புகுந்துவிட்டார்கள். உலகெங்கும் சுமார் 2 லட்சம் சுவிட்சுகள், ஈரானில் மட்டும் 3,500 பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு தெரிவித்தது. இடையில் இருந்தது ஒன்பதே நாள்! நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த மோடம்கள் அவை.

முதலில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். மாடல் எண்ணோடு 'ஹார்டுவேர் வெர்ஷன்' என்றும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து, எட்டுத் துளையுள்ள மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 'அன்மேனேஜ்டு' வகை. அவற்றில் நாம் பார்க்கவோ மாற்றவோ ஒன்றுமில்லை. 'மேனேஜ்டு' வகையானால், கேபிள் போட்டுக் கொடுத்தவரிடம் பெட்டியின் முகவரி எண்ணைக் கேட்டு, கம்ப்யூட்டரில் திறந்தால் ஃபர்ம்வேர் பதிப்பு எண் தெரியும். அதைக் கம்பெனியின் இணையதளத்தில், அதே மாடலுக்கு உள்ள பதிப்போடு ஒப்பிட வேண்டும். மாடல் ஒன்றாக இருந்து ஹார்டுவேர் வெர்ஷன் வேறானால் ஏற்றவே கூடாது, பெட்டி வீணாகிவிடும்.

இந்த வேலையைக் கடை சாத்திய பிறகு, யு.பி.எஸ். இணைப்போடு செய்வதே உத்தமம். பாதியில் கரண்ட் போனாலும் பெட்டி பிழைக்காது. இருக்கும் செட்டிங்கை முன்கூட்டியே காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "அப்டேட் செய்கிறோம், பாஸ்வேர்டு சொல்லுங்கள்" என்று போனில் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசலாம். அந்த மாடலுக்கு இனித் திருத்தம் வராது என்று கம்பெனியே அறிவித்துவிட்டால், அடுத்த பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டியையும் மாற்றிவிடலாம்.