பாலைவனத்தில் வீடு, பத்திரத்தில் வயது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓய்வுக்கால வீடு வாங்குவது பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விலை, வரி, வெயில் என்றுதான் தேட ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: அங்கே வீட்டோடு சேர்த்து ஒரு வயது விதியையும் விற்கிறார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பதைவிட அந்த விதியைத் தட்டிப் பார்ப்பது முக்கியம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். டெல் வெப் என்ற கட்டுமான அதிபர், 1960 ஜனவரி 1 அன்று ஃபீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே, பருத்தி விளைந்த நிலத்தில் சன் சிட்டியைத் திறந்தார். முதலில் வீட்டை விற்பது, வசதிகளைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பதுதான் வழக்கம். அவர் தலைகீழாகச் செய்தார். கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மையம், கடைகள் எல்லாம் முதல் நாளே தயார். மூன்று நாளில் சுமார் 1 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். 1962ல் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம்!

இந்த ஊர்களை 'ஆக்டிவ் அடல்ட்' குடியிருப்பு என்கிறார்கள். முதியோர் இல்லம் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த வீடு, சொந்தச் சமையல். கவனித்துக்கொள்ள நர்ஸ் யாரும் வரமாட்டார். நீச்சல் குளம், மரவேலைக் கூடம் எல்லாம் உண்டு. கோல்ஃப் வண்டியிலேயே கடைக்குப் போய் வரலாம்.

வயது விதி எப்படி நிற்கிறது?

"குழந்தை இருக்கிறவங்களுக்கு வீடு இல்லை" என்று சொல்வது பாகுபாடு இல்லையா? ஆமாம். 1988ல் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனால் மூத்தோர் குடியிருப்புகளுக்கு விலக்கு தந்தது. 1995ல் அந்த விலக்கு எளிதாக்கப்பட்டது. இப்போதைய நிபந்தனைகள் மூன்று: ஆள் வசிக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் ஒருவராவது 55 வயது நிரம்பியிருக்க வேண்டும், இது மூத்தோர் ஊர் என்பதை விதிகளில் எழுதி, அதன்படி நடக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது வயதைச் சரிபார்க்க வேண்டும்.

அப்படியென்றால் மீதி 20 சதவீதத்தை இளையவர்களுக்கு விற்கலாமா? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அது ஊருக்குக் கொடுத்த இடைவெளி. வாங்குகிறவரின் உரிமை அல்ல. கணவருக்கு 58, மனைவிக்கு 47 என்று வைத்துக்கொள்வோம். கணவர் இறந்துவிட்டால் அந்த வீட்டில் 55 வயதுக்காரர் யாரும் இல்லை. மனைவி தொடர்ந்து இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இருக்க விடுவதா என்பதை அந்த ஊரின் விதிப் பத்திரம் முடிவு செய்யும். மகனுக்கு வீடு வாரிசாகப் போகலாம். அவர் குடியேற முடியாமல் போகலாம். பேரக்குழந்தைகள் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் பெரும்பாலும் வரம்பு உண்டு.

விதி இருந்தால் மட்டும் போதாது, அது செல்லுபடியாகவும் வேண்டும். சன் சிட்டிக்குப் பக்கத்திலேயே யங்டவுன் இருக்கிறது. 1954ல் தொடங்கியது, சன் சிட்டிக்கே முன்னோடி. 1990களில் ஒரு பையன் தாத்தா பாட்டி வீட்டில் வந்து தங்க, ஊர் நிர்வாகம் அவனை வெளியேற்றப் பார்த்தது. விஷயம் மாநில அரசு வரை போனது. 1998ல் அந்த ஊரின் வயது வரம்பே செல்லாமல் போய்விட்டது. அமைதிக்காக அங்கே வீடு வாங்கியவர்கள் கையில் வெறும் வீடு மட்டும் மிஞ்சியது. அந்தப் பையனின் பக்கம் நின்று பார்த்தால், நியாயம்தான் நடந்தது.

தண்ணீரும் வெயிலும்

1980ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டப்படி, ஃபீனிக்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய மனைப்பிரிவுக்கு 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் இது பொருந்தாது. அந்த ஓட்டை வழியாக வீடுகள் பெருகிய ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் பகுதிக்கு லாரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அதைப் பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேல் நிறுத்திவிட்டது.

வெயில் இன்னும் கடுமை. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஊரில் ஏசி ஆடம்பரம் இல்லை, உயிர் காக்கும் கருவி. 2018ல் இந்தப் பகுதியில், கட்டண பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் ஒரு மூதாட்டி வெப்பத்தால் இறந்துபோனார். விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்த பிறகு, 2019ல்தான் கோடையில் இணைப்பைத் துண்டிக்கத் தடை வந்தது.

ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டியவை: விதிப் பத்திரத்தின் முழு நகல் எங்கே? கடைசியாக வயதைச் சரிபார்த்தது எப்போது? துணை இறந்தால் இளையவர் இருக்கலாமா? கோல்ஃப் ஆடாவிட்டாலும் கட்ட வேண்டிய வருடக் கட்டணம் எவ்வளவு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கார் ஓட்ட முடியாத வயதில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?

58 வயதில் வாங்குகிற வீட்டில் 80 வயதில் குடியிருக்கப் போவதும் நீங்கள்தான். டெல் வெப் ஜனவரியில் கடை திறந்தார், அவர் வியாபாரி. நீங்கள் வீடு பார்க்க ஜூலையில் போங்க.